வாசற் புல்லும் வாழும் உரிமையும்

தம்பி,

"என்னை ஒரு புல்லாகக்கூட மதிக்கவில்லை" என்று மனம் நொந்து பேசுவோரைக் கேட்டிருப்பாய். புல் என்றால் அவ்வளவு மட்டம்! ஆனால், அந்தப் புல்லுக்காக, செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே வழக்கு நடந்திருக்கிறது. சட்டமன்றம் கூடிச் சட்டமே இயற்றியிருக்கிறது. சிரித்துவிட்டுப் போகாதே! புல்லைச் சாக்காக வைத்து அங்கே எழுந்த கேள்வி, மனிதனைப் பற்றிய கேள்வி.

மேரிலாந்து மாநிலத்திலே ஒரு கணவனும் மனைவியும் தம் வீட்டு முன்னே இருந்த புல்தரையை அகற்றினர். அந்த மண்ணுக்குரிய செடிகளை வளர்த்தனர். தேனீ வந்தது, வண்ணத்துப்பூச்சி வந்தது, பறவை வந்தது. 2017இல் குடியிருப்போர் சங்கத்திடமிருந்து ஓலையும் வந்தது! தோட்டத்தை அகற்று, அண்டை வீடுகளைப்போல் புல்தரையாக்கு என்று. அவர்கள் திருடினார்களா? தீ வைத்தார்களா? இல்லை, எல்லோரையும்போல் இல்லை, அதுதான் குற்றம்! பணியவில்லை அவர்கள், வழக்காடினர், தோட்டத்தைக் காத்தனர். 2021இல் அந்த மாநிலச் சட்டமன்றம், நீரும் மருந்தும் குறைவாகக் கேட்கும் இத்தகைய தோட்டங்களைத் தடுக்கவோ, புல்தரைதான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தவோ சங்கங்களுக்கு உரிமை இல்லை என்று சட்டம் செய்தது.

யார் வகுத்தது, தம்பி, வீட்டு முன்னே கத்தரித்த புல்தான் இருக்கவேண்டும் என்ற விதியை? வேதமா? விஞ்ஞானமா? இரண்டுமில்லை, வீண் பெருமை! இங்கிலாந்துப் பிரபுவின் மாளிகை முன்னே பரந்து கிடந்தது பச்சைப் புல்வெளி. நெல்லோ கோதுமையோ விளையவேண்டிய நிலத்தை வெறுமனே போட்டு வைப்பேன், அதை அரிவாள் கொண்டு செதுக்க ஆட்கள் வைப்பேன், அவ்வளவு செல்வம் என்னிடம் என்று ஊருக்கு அறிவிக்கும் விளம்பரப் பலகை அது. 1830இல் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையிலே துணியின் மேற்பரப்பைச் சீவும் எந்திரத்தைப் பார்த்துப் புல்வெட்டும் பொறியைக் கண்டுபிடித்தார். பிறகென்ன? பிரபுவின் பகட்டு நடுத்தர வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தது. கிரீடம் கிடைக்காவிட்டால் என்ன, காகிதக் கிரீடமாவது சூட்டிக்கொள்வோம் என்ற ஆசை!

இந்தப் பகட்டைத் தோலுரித்துக் காட்டினார் தார்ஸ்டைன் வெப்லன் என்ற பொருளியல் அறிஞர், 1899இல் தாம் எழுதிய நூலிலே. புல்தரைக்குப் பொருத்தமான விலங்கு பசு. புல்லும் தீரும், பாலும் கிடைக்கும். ஆனால் பசுவைக் கட்டினால் சிக்கனம் தெரிந்துவிடும், பயன் தெரிந்துவிடும்! பயன் தெரிந்தால் பெருமை போய்விடும்! ஆகவே பசுவுக்கு அங்கே இடமில்லை என்று விளக்கினார். பயனற்றது உயர்ந்தது, பயன் தருவது தாழ்ந்தது. இந்தக் கணக்கை நாம் வேறு எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதல்லவா, தம்பி! உழைப்பவன் தாழ்ந்தவன், உட்கார்ந்து உண்பவன் உயர்ந்தவன் என்று போடப்பட்ட பழைய கணக்குத்தான் அது, பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

அந்தப் பெருமையின் விலை என்ன? 2005இல் வெளியான ஓர் ஆய்வு, வீட்டு வாசல், பூங்கா, கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்த்து அமெரிக்காவின் புல்தரை ஏறக்குறைய 1,60,000 சதுர கிலோமீட்டர் என மதிப்பிட்டது. தமிழ்நாடு முழுவதும் 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்! அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி, வீட்டைச் சுற்றியுள்ள புல்லுக்கும் செடிக்கும் பாய்ச்சும் நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 கோடி காலன். கொலராடோ ஆறு வற்றிவரக் கண்ட நெவாடா மாநிலம், 2021இல் ஒரு சட்டம் செய்தது: தெற்கு நெவாடாவிலே, தனி வீடுகள் நீங்கலாக, அழகுக்கென்று மட்டுமே இருக்கும் புல்தரைக்கு 2026க்குப் பிறகு அந்த ஆற்று நீர் கிடையாது என்று. தாகம் வந்த பிறகுதான் தத்துவம் புரிந்தது!

அந்த வாசற் புல் இருக்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது? அதுவும் புல்தான்! ஆனால் வேறு புல். வட அமெரிக்காவின் நடுவே, ஆளை மறைக்கும் உயரம் வளர்ந்து, காற்றிலே கடலலைபோல் புரண்ட பெரும்புல்வெளி, பிரெய்ரி என்பார்கள். 17 கோடி ஏக்கர் பரந்திருந்தது. இன்று எஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை. புல்வெட்டும் பொறி பிறந்த அதே 1830இல்தான், கிழக்கே வாழ்ந்த செவ்விந்தியக் குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே விரட்டும் சட்டத்தில் கையெழுத்திட்டார் ஆண்ட்ரூ ஜாக்சன். 1837இல் ஜான் டீர் செய்த எஃகுக் கலப்பை, இல்லினாய்ஸ் மண்ணின் இறுகிய வேர்ப்பின்னலைக் கிழித்தது. முதலில் மண்ணின் மக்கள் போனார்கள். பிறகு மண்ணின் புல் போயிற்று. அதன்பின் வந்து அமர்ந்தது, கடல் கடந்து வந்த கத்தரிப்புப் புல். பெயரென்ன தெரியுமா? கென்டக்கி நீலப்புல்! ஐரோப்பாவிலிருந்து வந்ததற்குக் கென்டக்கி என்று பெயர். வந்தவர் பெயரை மாற்றிக்கொண்டு வீட்டுக்காரர் ஆவது புல்லிலும் உண்டு போலும்!

வேரைப் பார், வேறுபாடு தெரியும். கத்தரித்த புல்லின் வேர் சில அங்குலம். பிக் புளூஸ்டெம் என்ற பிரெய்ரிப் புல்லின் வேரோ எட்டடி, பத்தடி ஆழம் இறங்கும். வறட்சியிலே அது வாடி மடியாது. மழையிலே மண்ணைக் கரையவிடாது. பெய்த நீரை நிலத்துக்குள் அழைத்துச் செல்லும். அருகுபோல் வேரூன்றி வாழ்க என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழ்த்தின் பொருள் அங்கே விளங்குகிறது.

இதைத்தான் வீட்டு வாசலுக்கு மீண்டும் அழைக்கிறார்கள் இப்போது. புல்தரைமேல் பழைய அட்டைகளைப் பரப்பி, அதன்மேல் மரத்தூளும் சருகும் கொட்டி, அடியிலுள்ள புல் மடிந்து மக்கியபின் நாற்று நடுகிறார்கள். சுவிட்ச் புல், லிட்டில் புளூஸ்டெம், இடையிடையே கூம்புப்பூ. நம் எருக்குக்கு உறவான பால்செடியும் உண்டு. மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு அதைத் தவிர வேறெதையும் உண்ணாது. முதல் ஆண்டு உறங்கும், இரண்டாம் ஆண்டு ஊரும், மூன்றாம் ஆண்டு துள்ளி எழும் என்பது அங்குள்ள தோட்டக்காரர் வழக்கு. குளிர்காலத்தில் காய்ந்து நிற்கும் தாள்களையும் வெட்டுவதில்லை. விதை பறவைக்கு, தண்டு பூச்சிக்கு. குளிர் கழியும்போது ஒரே ஒருமுறை வெட்டு, அவ்வளவுதான்.

விஸ்கான்சினில் லோரி ஆட்டோ என்ற அம்மையார் இதற்கு முன்னோடி. டி.டி.டி. நஞ்சை எதிர்த்துப் போராடி, 1970இல் அம்மாநிலம் அதைத் தடைசெய்யக் காரணமானவர்களில் ஒருவர். அவர் வளர்த்த செடிகளைக் களை என்று ஊராட்சி வெட்டிச் சாய்த்தது. அம்மையார் விடவில்லை, வாதாடி இழப்பீடு பெற்றார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் 1979இல் மில்வாக்கியில் தொடங்கியதுதான் 'வைல்டு ஒன்ஸ்' இயக்கம். பேச்சினால் என்ன விளையும் என்று கேட்போருக்கு, புல் விளையும், பூ விளையும், இயக்கமும் விளையும் என்று சொல்!

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்போம். அது நம் மரபு. "காடாகிவிடாதா?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. 1995இல் ஜோன் நாசவர் என்ற பேராசிரியை வழி சொன்னார்: உள்ளே செழிப்பு எப்படியும் இருக்கட்டும், ஓரத்திலே ஒழுங்கைக் காட்டு. சுற்றிலும் ஒரு வெட்டிய விளிம்பு, ஒரு பாதை, ஒரு வேலி போதும். கவனிப்பார் உண்டு என்று அண்டை வீட்டாருக்குப் புரியும். பிள்ளைகள் ஓடியாடப் புல்தரை வேண்டுமா? அந்த இடத்தில் இருக்கட்டும், தாராளமாக! யார் காலும் படாத தரைக்கு ஏன் ஆற்று நீர் என்பதுதான் கேள்வி.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மண்ணின் செடி, மண்ணின் புல் என்று பேசும்போது, இனத்தூய்மை என்ற பாம்பு அந்தப் புல்லுக்குள்ளே நுழைந்துவிடக்கூடாது. செருமனியில் போட்ஸ்டாம் நகரை அடுத்த போர்னிமில் வாழ்ந்தார் கார்ல் ஃபோர்ஸ்டர். தோட்டத்திலே புல்லுக்குப் பூவுக்கு நிகரான இடம் வாங்கித் தந்தவர்களுள் முதல்வர். நாஜிகள் கட்டளையிட்டனர்: தூய செருமானியச் செடிகளை மட்டும் வளர், விற்பனை செய் என்று. மறுத்தார். ஆபத்தென்று அறிந்தும் யூத நண்பர்களுக்குத் தம் பண்ணையிலே வேலை கொடுத்தார். 1970இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய இறகுப்புல் இன்று உலகமெங்கும் தோட்டங்களில் நிமிர்ந்து நிற்கிறது. தம்பி, அந்தப் புல் எது தெரியுமா? இரண்டு இனம் கலந்து பிறந்த கலப்புப் புல்! தூய்மை பேசியவர்களுக்கு இயற்கை தந்த பதில்!

அந்தப் புல்லின் விதை முளைக்காது. ஆகவே பிறர் இடத்தைப் பிடிக்காது. சீனத்திலிருந்து வந்த மிஸ்காந்தஸ் புல்லோ, பார்க்க அழகு; ஆனால் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் வேலி தாண்டிப் பரவி, மற்றச் செடிகளை நெருக்குகிறது. ஆக, எங்கிருந்து வந்தாய் என்பதல்ல கேள்வி. வந்த இடத்தில் மற்றவரை வாழவிடுகிறாயா என்பதே கேள்வி.

சிகாகோவிலே, வண்டிகள் நிறுத்தும் கட்டடத்தின் கூரைமேலே, பீட் ஔடோல்ஃப் என்ற டச்சுக்காரர் செடி வகுத்த லூரி தோட்டம் 2004 முதல் இருக்கிறது. புல் அசைகிறது, பூ சிரிக்கிறது, தேனீ இரைகிறது. உயரம் வேறு, நிறம் வேறு, பூக்கும் பருவம் வேறு. ஆயினும் ஒரே தோட்டம்!

ஒற்றுமை வேறு, ஒரே அச்சு வேறு. எல்லாத் தலையையும் ஒரே உயரத்துக்கு வெட்டி வைத்துவிட்டு, பார், என்ன ஒழுங்கு என்று பெருமைப்படுவது எளிது. அதற்கு வேண்டியது ஒரு கத்தி. வளரவிட்டு ஒழுங்கு காண்பதற்கோ அறிவு வேண்டும், பொறுமை வேண்டும், அன்பு வேண்டும். தோட்டக்காரனுக்கு மட்டும் சொன்னதல்ல, தம்பி, இது.