சீட்டில் '1-0-1', வேலை நைட் ஷிப்ட்: சுகர் மாத்திரையை எப்போது போடுவது?

மருந்துச் சீட்டில் '1-0-1' என்று இருந்தால் காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால், நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்தக் கணக்கு அடிக்கடி இடிக்கும். பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் 24 மணி நேரமும் ஓடும் ஊர் அது. நைட் ஷிப்ட் முடித்து வருபவருக்குக் காலை 8 மணி டிபன் நேரம் இல்லை, தூங்கப் போகும் நேரம். ஷிப்ட் மாறினால் சாப்பாட்டு நேரமும் மாறிவிடும். சீட்டில் உள்ள எண் மட்டும் அப்படியே இருக்கும்.

2023ல் வெளியான ஐசிஎம்ஆர் - இந்தியாப் ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது 14.4 சதவீதம். ஷிப்ட்டில் வேலை பார்க்கும் ஐடி ஊழியர், நர்ஸ், செக்யூரிட்டி என எல்லோருக்கும் இதே கேள்விதான்: மாத்திரையை மணி பார்த்துப் போடணுமா, சாப்பாடு பார்த்துப் போடணுமா?

எந்த மாத்திரை, என்ன வேலை செய்கிறது?

பதில், கையில் இருப்பது எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது.

மெட்ஃபார்மின்: கல்லீரல் ரத்தத்தில் விடும் சர்க்கரையைக் குறைக்கும். இதை மட்டும் சாப்பிடுபவர்களுக்கு 'லோ சுகர்' வருவது அபூர்வம். வயிற்றுப் புரட்டல், பேதியைத் தவிர்க்கத்தான் சாப்பாட்டோடு போடச் சொல்கிறார்கள். எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. உடைத்தோ பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது.

கிளிமிபிரைடு: கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். இது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு வந்ததா, வரலையா என்று பார்க்காது. அதனால்தான் நாளின் முதல் முழுச் சாப்பாட்டை ஒட்டிப் போடச் சொல்கிறார்கள். 'காலை மாத்திரை' என்று இதைப் போட்டுவிட்டு, வெறும் டீயோடு படுத்துவிட்டால் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கலாம்.

வோக்லிபோஸ்: மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதைக் குடலில் தாமதப்படுத்தும். சாப்பிடத் தொடங்கும்போதே போட வேண்டும். சாப்பாடு இல்லை என்றால் இதற்கு வேலையும் இல்லை.

மாத்திரை வடிவ செமாக்ளூடைடு: நேர் எதிர் ரகம். வெறும் வயிற்றில், 120 மி.லி.க்கு மேல் போகாமல் கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, குறைந்தது 30 நிமிடம் எதுவும் சாப்பிடக் கூடாது.

தூக்கக் கலக்கமா, லோ சுகரா?

ரத்தச் சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனால் அது லோ சுகர். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். ராத்திரி முழுக்க முழித்திருந்தவர் இதை 'தூக்கம் சரியில்லை, அதான்' என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். அதே நிலையில் பைக் ஓட்டுவதும், மெஷின் பக்கத்தில் நிற்பதும் ஆபத்து.

சுமார் 15 கிராம், அதாவது 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் உடனே எடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். இன்னும் ஏறவில்லை என்றால் திரும்ப அதே அளவு. ஏறிய பிறகு சாப்பாடு.

பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே உண்டு. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை நம்மூரில் சகஜம். வோக்லிபோஸ் உள்ளே இருக்கும்போது வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். மிட்டாயும் அப்படியே. அவர்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டியது குளுக்கோஸ் பவுடர்.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். கிளிமிபிரைடால் வந்த லோ சுகர், சரியான மாதிரி தெரிந்தாலும் சில மணி நேரத்தில் திரும்பலாம். அதனால் தெளிந்தாலும் டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

ஒரே மருந்து, ரெண்டு பெயர்

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சிலர் தனியார் டாக்டரிடமும் சீட்டு வாங்குகிறார்கள். பிராண்டு பெயர் வேறாக இருப்பதால், உள்ளே இருப்பது ஒரே மருந்து என்று தெரியாமல் ரெண்டையும் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அப்பா, அம்மாவின் மாத்திரை டப்பாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் உள்ள பிராண்டை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரை ஒப்பிடுங்கள். ஒரே பெயர் இரண்டு ஸ்ட்ரிப்பில் இருந்தால், இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

எப்போது நிறுத்தணும்?

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து சாப்பிட முடியாத நாளில் வழக்கம்போல மாத்திரை போடுவது சிக்கலில் முடியலாம். உடலில் நீர் குறைந்து சிறுநீரகம் திணறும்போது மெட்ஃபார்மின் தேங்கலாம். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுபவை. கூடவே நீரும் போகும். வெயிலில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லணும். சாப்பிடாத நேரத்தில் இவை ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டும் அபாயமும் உண்டு. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது இதனால்தான். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி ஸ்கேன் எடுக்கும் முன்பும் மெட்ஃபார்மின் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். குடி, மெட்ஃபார்மினோடும் கிளிமிபிரைடோடும் ஒத்துப்போகாது.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. ஷிப்ட் மாறும் நாளில் இரண்டு வேளை மாத்திரை நெருங்கி வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

'1-0-1' எழுதும் டாக்டருக்கு உங்கள் ஷிப்ட் தெரியாது. அதனால் அடுத்த முறை போகும்போது இவற்றை எடுத்துச் செல்லுங்கள்:

• ஒவ்வொரு ஷிப்ட்டிலும் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், சாப்பிடுகிறீர்கள், தூங்குகிறீர்கள் என்ற குறிப்பு.

• வீட்டில் இருக்கும் எல்லா ஸ்ட்ரிப்புகளும், சித்த மருந்துகள் உட்பட.

• கடைசியாக எடுத்த கிரியேட்டினின் ரிப்போர்ட். பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 அளவும் பார்க்கணுமா என்று கேளுங்கள்.

• விரதம், நோன்பு இருப்பவர் என்றால் அந்தத் தேதிகள்.

சீட்டில் 'காலை, இரவு' என்பதற்குப் பதிலாக 'எழுந்து சாப்பிடும் முதல் சாப்பாட்டோடு', 'டூட்டி சாப்பாட்டோடு' என்று எழுதித் தரும்படி கேட்கலாம். அளவையும் நேரத்தையும் நாமாக மாற்றுவது மட்டும் வேண்டாம்.