கூலியைக் கேட்பவர் வேலை நாளையும் கேட்கட்டும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. இதற்குச் சாதிச் சான்று போதாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். சிக்கலே அங்குதான். நாள் கூலி 500 ரூபாயை 365 நாளால் பெருக்கினால் எந்தக் கூலிக் குடும்பமும் ஏழையில்லை! நடவும் அறுப்பும் போக மற்ற நாளில் வயலில் வேலை ஏது? அந்தக் கூலியில் கணவன், மனைவி இருவருக்கும் ஆளுக்கு 120 நாளுக்கு மேல் வேலை கிடைத்தால்தான் வரம்பைத் தாண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் கூலியை மட்டும் சொல்லாதீர்கள். வேலை கிடைத்த நாள்களையும் சொல்லுங்கள். மருமகள், பேரப்பிள்ளை பெயர் குடும்ப அட்டையில் ஏறிவிட்டதா என்றும் பாருங்கள். சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் இப்போதே பதியலாம். ஆளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு ஓடவேண்டாம்.