பிட்டித் தீவின் ஆலாக்கள்

லட்சத்தீவின் தலைநகரான கவரத்திக்கு வடமேற்கே ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவில் பிட்டி என்னும் சிறு தீவு உள்ளது. அதன் பரப்பு சுமார் 1.2 ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கர். நம் மெட்டுகுடா போன்ற நகர்ப்பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகத்திற்கே அவ்வளவு நிலம் வேண்டும். பிட்டியில் தென்னை இல்லை, குடிநீர் இல்லை, மனிதர் எவரும் வசிப்பதில்லை. மணலும் பவளத்துண்டுகளும் மட்டுமே உள்ள அத்திட்டைத்தான் ஆலா, நோடி முதலிய கடற்பறவைகள் தம் இனப்பெருக்கத்திற்குத் தேர்ந்துள்ளன. காங்கிரஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஏ.ஓ. ஹியூம் ஒரு பறவையியலாளரும் ஆவார். 1875இல் லட்சத்தீவுக்குச் சென்ற அவர், பிட்டியின் பறவைகளைப் பற்றியும் எழுதியுள்ளார்.

இப்பறவைகள் பெரும்பாலும் வெறுந்தரையிலேயே முட்டையிடுகின்றன. அதுவும் கருமுதுகு ஆலா, பழுப்பு நோடி போன்றவை ஒரு பருவத்திற்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதை எடுத்துவிட்டால் எடுப்பது வட்டியன்று, முதல். மீனவர்கள் உணவுக்காகப் பிட்டியிலிருந்து முட்டைகளையும் பறவைகளையும் எடுத்துவந்தது நெடுங்கால வழக்கம். அதே மீனவர்கள்தாம் நடுக்கடலில் பறவைக்கூட்டம் வட்டமிடும் திசையை நோக்கிப் படகைத் திருப்புகின்றனர். சூரை மீன்கள் கீழிருந்து துரத்தும் சிறுமீன்கள் நீர்மட்டத்திற்கு வரும்போது பறவைகள் அங்கே கூடும். அவற்றைக் கண்டு தூண்டிற்கோலை வீசுவது லட்சத்தீவுச் சூரைப்பிடிப்பின் பழைய உத்தி. ஆகவே பிட்டியின் முட்டைக்கும் மீனவரின் வருவாய்க்கும் தொடர்பு உண்டு.

1995இல் பிட்டி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அதைச் சுற்றியுள்ள கடற்பரப்பும் சேர்க்கப்பட்டு, பி.எம். சயீத் கடற்பறவைகள் பாதுகாப்பகம் உருவாயிற்று. தரையை மட்டும் காத்து இரை தேடும் கடலை விட்டுவிடுவது பாதிப் பாதுகாப்பே என்பதால், இவ்விரிவாக்கம் மிகப் பொருத்தமானது.

தீவுகளுக்கு நேரும் கேடு மனிதர் எடுத்துச் செல்வதால் மட்டும் வருவதன்று. கொண்டு சேர்ப்பதாலும் வரும். கப்பல்களில் வந்திறங்கிய எலிகள் உலகின் பல தீவுகளில் கடற்பறவைக் குஞ்சுகளை அழித்தன. தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியாத் தீவு, பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2018இல்தான் எலிகள் அற்றதாக அறிவிக்கப்பட்டது.

நம் நாட்டில் அந்தமானின் நார்கொண்டம் தீவில் கேடு ஆடுகளின் வடிவில் வந்தது. சுமார் 6.8 சதுர கி.மீ. பரப்புள்ள அந்த எரிமலைத் தீவைத் தவிர நார்கொண்டம் இருவாச்சிக்கு உலகில் வேறு வாழிடம் கிடையாது. காவல்நிலையத்தினரின் உணவுக்காக 1970களில் கொண்டுவரப்பட்ட ஆடுகள் பெருகி, மரக்கன்றுகளை மேய்ந்தன. முதிய மரங்களின் பொந்துகளில் கூடமைத்து, காட்டுப்பழங்களை உண்டு வாழும் பறவைக்கு வருங்கால மரங்களே இல்லாமற்போகும் நிலை உருவாயிற்று. பின்னர் ஆடுகள் அகற்றப்பட்டன. 1990களின் இறுதியில் சில நூறாக மதிப்பிடப்பட்ட இருவாச்சிகளின் எண்ணிக்கை, அண்மைக் கணக்கெடுப்பில் ஆயிரத்தை ஒட்டியுள்ளது.