ஒற்றெழுத்துக்கு ஒரு சுரம்

டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை அவனோடு வேலை பார்ப்பவர்கள் எங்களைக் கரோக்கே பாட அழைத்துப் போனார்கள். மேடை இருக்கும் என்று நினைத்திருந்தேன். எட்டுப் பேர் நெருங்கி உட்காரும் சின்ன அறைதான். சுவரில் ஒரு திரை, மேசைமேல் இரண்டு மைக். அலுவலக நண்பர் ஒருவரின் அம்மா, என் வயதுக்காரர், அறுபத்தைந்தைத் தாண்டியவர், மைக்கை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். தாளமே இல்லாமல் நிதானமாக இரண்டு வரி பாடினார். அது முடிந்ததும் டிரம்ஸ் புறப்பட்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள், என் பத்து வயதுப் பேரனும்தான்.

நாற்பது வருஷமாக வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள் நான். ஒரு பாட்டு ஒரு அறையை இப்படி ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டால், அதை அவிழ்த்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அதன் பெயர் ‘ஸங்கொகு ந தென்ஷி நொ தேஸெ’, கொடூரமான தேவதையின் கோட்பாடு. 1995 அக்டோபரில் டிவி டோக்கியோவில் தொடங்கிய ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ என்ற 26 பகுதி அனிமேத் தொடரின் முகப்புப் பாடல். பதினான்கு வயதுப் பையன் ஒருவனை அவன் அப்பாவே ராட்சத இயந்திரத்துக்குள் ஏற்றிப் போருக்கு அனுப்புகிற கதை. இயக்குநர் ஹிதேயாகி அன்னோ முதலில் போரோதினின் ‘பொலோவெட்ஸிய நடனங்கள்’ என்ற மேற்கத்திய செவ்வியல் இசையைத்தான் முகப்பில் வைக்க விரும்பினார். தொலைக்காட்சி நிலையம் ஒப்பவில்லை. அதனால் வந்த பாட்டு இது. இசை ஹிதெதோஷி சாதோ, இசைக் கோப்பு தோஷியுகி ஓமோரி, பாடியவர் யோகோ தகாஹாஷி.

அந்த முதல் இரண்டு வரியை வீட்டுக்கு வந்து சுருதிப் பெட்டியோடு பாடிப் பார்த்தேன். ஷட்ஜத்தில் புறப்பட்டுச் சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம் என்று ஏறுகிறது. கைசிகி நிஷாதத்தைத் தொட்டுத் திரும்பும்போது ஒரே ஒரு முறை சுத்த தைவதத்தை உரசிவிட்டுப் பஞ்சமத்தில் நிற்கிறது. ரிஷபமே இல்லை. இரண்டாவது வரியில் அந்தத் தைவதமும் கிடையாது. மிஞ்சுகிற ஐந்து சுரமும் நம் சுத்த தன்யாசியின் சுரங்கள்! ராகம் என்று சொல்லமாட்டேன். கமகம் இல்லாமல், ஒவ்வொரு சுரமும் நட்ட கம்பு மாதிரி நேராக நிற்கிறது. ஜப்பானியர்கள் இந்த ஐந்து சுர வரிசையை ‘நிரோ-நுகி’ என்கிறார்கள். இரண்டாவதையும் ஆறாவதையும் நீக்கியது என்று பொருள். அவர்களுடைய நாட்டுப்புறப் பாடல்களில் பழகிய வரிசை அது. பின்னால் எத்தனை மின்னிசைக் கருவி முழங்கினாலும், அந்த அம்மாளின் தொண்டைக்கு இந்தப் பாட்டு அந்நியமாக இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு வரும் சரணத்தில் மெட்டு வெளிச்சத்துக்கு வருகிறது. நடபைரவியின் சுரங்களை வைத்துக்கொண்டே காந்தாரத்தை ஷட்ஜமாகப் பாவித்தால் சங்கராபரணம் கிடைக்கும் அல்லவா, அந்தக் கிரகபேதம்தான் இங்கே நடக்கிறது. அங்கிருந்து பல்லவிக்குத் திரும்பும்போது, தொடக்கத்தில் தாளமில்லாமல் கேட்ட அதே மெட்டு இப்போது துள்ளி ஓடுகிறது. முதலில் நிதானமாகக் காட்டி, நம் காதில் பதிய வைத்துவிட்டு, பிறகு ஓடவிடுகிறார்கள். தொலைக்காட்சியில் முகப்புக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம்தான். அதற்குள் ஒரு மெட்டை இரண்டு முறை, இரண்டு காலத்தில் தருவது தேர்ந்த வேலை.

ஆனால் என்னை ஆட்கொண்டது மெட்டைவிட, அதில் சொல் உட்கார்ந்திருக்கும் விதம். கரோக்கே திரையில் பாடப்படும் எழுத்து நிறம் மாறிக்கொண்டே போகும். ‘ஸங்கொகு’ என்ற சொல்லில் ‘ங்’ வரும் இடத்தில் நிறம் தனியாக ஒரு சுரத்துக்கு நின்றது. தமிழில் ஒற்றுக்கு அரை மாத்திரை. அதன்மேல் சுரத்தை ஏற்றினால் என் ஆசிரியர் தொடையில் தட்டுவார். ஜப்பானியத்திலோ குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பதெல்லாம் நம்மைப் போலவே இருக்க, இந்த மூக்கொலி மெய்க்கு முழு மாத்திரை. தலைப்பை எண்ணிப் பாருங்கள்: ஸ, ங், கொ, கு, ந, தெ, ன், ஷி, நொ, தே இரண்டு, ஸெ. மொத்தம் 12. பல்லவியின் முதல் வரி இதே தலைப்புதான். அதற்குச் சுரமும் சரியாக 12. ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

“பாட்டி, அங்க பாரு. எழுதியிருக்கறது வேற, பாடறது வேற” என்றான் பேரன். திரையில் ‘பிரபஞ்சம்’ என்று பொருள்படும் சித்திர எழுத்து. அதன் தலைமேல் பொடி எழுத்தில் ‘ஸொரா’, வானம். கண் பிரபஞ்சத்தைப் படிக்க, வாய் வானத்தைப் பாடுகிறது. எழுதியவர் நெகோ ஓய்காவா. 1989இல் ஜப்பான் ரெக்கார்டு விருது பெற்ற ‘ஸமிஷீ நெத்தாய்க்யோ’ பாட்டும் அவர் எழுதியதே. இந்தப் பாட்டை இரண்டு மணி நேரத்தில் முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ‘தேஸெ’ என்பது ஜெர்மன் சொல். மோட்டோ ஹாகியோவின் ‘கொடூரமான கடவுள் ஆள்கிறார்’ என்ற படக்கதைத் தலைப்பு அவருக்குத் தூண்டுதல். போரோ இயந்திரமோ பாட்டில் இல்லை. வளர்ந்து தன் கையைவிட்டுப் போகப்போகும் பையனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் மனசு இருக்கிறது. தாய் என்றே நான் எடுத்துக்கொண்டேன். கண்ணை மூடிப் பாடிய அந்த அம்மாளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

கரோக்கே அறைகளும் பச்சிங்கோ விளையாட்டுக் கூடங்களும் இதை ஓயவிடவில்லை. வெளிவந்து 16 ஆண்டு கழித்து, 2011இல், ஜஸ்ராக் என்ற பதிப்புரிமை அமைப்பு அதிக உரிமத்தொகை ஈட்டிய பாட்டுக்குத் தரும் தங்கப் பரிசு இதற்குக் கிடைத்தது.

ஊருக்குக் கிளம்புமுன் பழைய பொருள் கடை ஒன்றில் அந்த சிங்கிளை 100 யென்னுக்கு வாங்கினேன். 8 சென்டிமீட்டர் குறுந்தகடு, என் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. ஒடுக்கமான நீள உறைக்கு ‘தன்ஸாகு’ என்று பெயர். கவிதை எழுதும் காகிதத் துண்டின் பெயரே அது. கடைசி இரவு, பேரன் குரல் நீக்கிய பதிவைப் போட்டான். நான் பாடினேன். ‘ங்’கில் சுரம் நிற்க மறுத்து வழுக்கியது. “இன்னொரு தடவை பாட்டி” என்று நிறுத்திவிட்டு, இசை இல்லாமலே தொடங்கச் சொன்னான். ஸ... ங்... கொ... கு... நான் மெல்ல ஏற, அவன் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு வந்தான். பன்னிரண்டு வந்தது.