அழைக்கப்படும் ஸ்கிரிப்டும் கைமாறும் அதிகாரமும்

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் கணினி செய்யவேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த சாதாரண உரைக்கோப்பே ஷெல் ஸ்கிரிப்ட் ஆகும். அதை வரிவரியாகப் படித்து நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர், அவற்றுள் பரவலாகப் புழங்குவது பாஷ். இரவில் தரவுத்தளத்தைப் படியெடுத்து வைப்பது, இணையதளத்தின் புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றுவது போன்ற வேலைகள் பெரும்பாலும் ஒரே ஸ்கிரிப்டில் முடிவதில்லை. ஒன்று மற்றொன்றை அழைக்க, அது வேறொன்றை அழைக்கிறது. அவ்வாறு அழைக்கப்படும் ஸ்கிரிப்ட் தனக்கென்று ஒரு வரம்பும் இல்லாமல், அழைத்தவரின் அதிகாரம் முழுவதையும் பெற்றுக்கொண்டே ஓடத் தொடங்குகிறது என்பதைப் பலரும் கருத்தில் கொள்வதில்லை. எல்லை எதையும் குறிக்காமல் எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்துக்கு நிகரானது இந்த ஏற்பாடு: அழைத்தவரால் அழிக்கக்கூடிய கோப்புகள் எல்லாவற்றையும் அழைக்கப்பட்டதாலும் அழிக்க முடியும்.

அழைக்கும் முறைகள் மூன்று. ஸ்கிரிப்டின் பெயரைக் கட்டளையாக எழுதினால், ஷெல் ஒரு துணைச் செயல்முறையை, அதாவது தனியாக ஓடும் மற்றொரு ஷெல்லை உருவாக்கி அதனிடம் வேலையை ஒப்படைக்கிறது. அங்கே மாற்றப்படும் மாறிகளோ நடப்பு அடைவோ அழைத்த ஸ்கிரிப்டைப் பாதிப்பதில்லை. 'சோர்ஸ்' என்ற கட்டளையால் அழைத்தால் தனி ஷெல் உருவாவதில்லை. அழைக்கப்பட்ட கோப்பின் வரிகள் அழைத்த ஸ்கிரிப்டின் வரிகளாகவே நடப்பதால், அதில் 'எக்சிட்' என்று ஒரு சொல் இருந்தாலும் இரண்டும் சேர்ந்தே முடிந்துவிடும். மூன்றாவதான 'எக்செக்' தன்னை அழைத்த ஷெல்லின் இடத்தையே பிடித்துக்கொள்வதால், அதற்குக் கீழே எழுதப்பட்ட வரிகளுக்கு முறையே வருவதில்லை. இவற்றுள் மிகுந்த அலட்சியத்துடன் கையாளப்படுவது இரண்டாவது முறைதான். அமைப்புகளைச் சேமித்துவைக்கும் கோப்பை 'சோர்ஸ்' செய்வது பல நிறுவனங்களில் வாடிக்கையாக இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பில் எழுதும் அனுமதி உள்ள எவரும், அதை வாசிக்கும் ஸ்கிரிப்டின் அதிகாரத்தில் தாம் விரும்பிய கட்டளையை நடத்திக்கொள்ள முடியும் என்பது மறக்கப்படுகிறது.

கோப்புகளோடு சூழல் மாறிகளும் கைமாறுகின்றன. ஷெல் தன் துணைச் செயல்முறைகளுக்குப் படியெடுத்துக் கொடுக்கும் பெயர்-மதிப்பு இணைகளே சூழல் மாறிகள் ஆகும். கடவுச்சொற்களையும் கிளவுட் சேவைச் சாவிகளையும் அவற்றில் வைத்திருப்பது வழக்கம். இதன் விளைவை 2021ஆம் ஆண்டின் கோட்கவ் நிகழ்வு தெளிவாகக் காட்டியது. நிரலின் எவ்வளவு பகுதி சோதிக்கப்பட்டது என்று கணக்கிடும் சேவையான கோட்கவ், அந்த அறிக்கையைப் பதிவேற்றுவதற்கென ஒரு பாஷ் ஸ்கிரிப்டை இணையத்தில் வைத்திருந்தது. வாடிக்கையாளர்களின் தானியங்கிச் சோதனை ஸ்கிரிப்டுகள் ஒவ்வொரு முறையும் அதை 'கர்ல்' என்ற பதிவிறக்கக் கட்டளையால் எடுத்து, படித்துப் பாராமல் நேரே பாஷிடம் கொடுத்து ஓட்டின. நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் டாக்கர் படிமத்தை அந்நிறுவனம் தயாரிக்கும் முறையில் இருந்த பிழையால் ஓர் அணுகல் சாவி வெளியில் சிக்க, அதைக் கைப்பற்றியவர்கள் 2021 ஜனவரி 31 முதல் அந்த ஸ்கிரிப்டில் ஒரு வரியைச் சேர்த்தனர். சூழல் மாறிகள் முழுவதையும் தங்கள் சர்வருக்கு அனுப்பிய அந்த வரி, அனுப்புதல் தோற்றாலும் பிழை எதையும் காட்டாதபடி எழுதப்பட்டிருந்ததால் சோதனைகள் வழக்கம்போல் முடிந்தன. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 1 அன்று, ஒரு வாடிக்கையாளர் தாம் பதிவிறக்கிய ஸ்கிரிப்டின் சரிபார்ப்புத் தொகை வெளியிடப்பட்டிருந்த தொகையுடன் பொருந்தவில்லை என்று தெரிவித்த பிறகே விஷயம் அம்பலமானது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும் நீண்ட எண்ணெழுத்துக் கோவையே சரிபார்ப்புத் தொகை. அது எல்லோர் கண்ணுக்கும் எட்டும் இடத்தில்தான் இருந்தது, அதுவரை ஒப்பிட்டுப் பார்க்க ஆள்தான் இல்லை. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்களுள் ஒன்றான ஹாஷிகார்ப் என்ற மென்பொருள் நிறுவனம், தன் மென்பொருள் வெளியீடுகளுக்குக் கையொப்பமிடும் சாவியையே மாற்ற நேர்ந்தது.

ஆகவே பிறர் ஸ்கிரிப்டை ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து எடுத்து ஓட்டுவதைவிட, ஒரு பதிப்பைப் படித்துப் பார்த்துத் தன் களஞ்சியத்திலேயே சேர்த்துக்கொள்வது மேல். அது இயலாதபோது, ஓட்டுவதற்கு முன் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடும் வரியை அழைக்கும் ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடலாம். அந்தத் தொகையும் ஸ்கிரிப்ட் இருக்கும் அதே சர்வரிலிருந்து வந்தால் பயனில்லை, ஏனெனில் ஒன்றை மாற்றியவருக்கு மற்றதை மாற்றுவது கடினமன்று. 'என்வ்' கட்டளையை '-ஐ' விருப்பத்துடன் பயன்படுத்தினால் அழைக்கப்படும் ஸ்கிரிப்டுக்கு வெறுமையான சூழலே கிடைக்கும். தேவையான ஓரிரு மாறிகளை மட்டும் பெயர் சொல்லிக் கொடுத்தால் போதும்.

தீய நோக்கம் எதுவும் இல்லாமலேயே பேரிழப்பு நேர்வதும் உண்டு. லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளைத் தொடங்கும் ஸ்கிரிப்ட், தான் இருக்கும் அடைவின் பாதையைக் கண்டறிந்து ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, மீட்டமைக்கும்போது அந்த அடைவுக்குள் உள்ளவற்றை அழிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. பாதையைக் கண்டறியும் படி தோற்றபோது மாறி வெறுமையாகவே நின்றது. மாறி, அதற்குப் பின் ஒரு சாய்கோடு, அதற்குப் பின் ஒரு நட்சத்திரக்குறி என்றிருந்த கட்டளையில் மாறி மறைந்துபோக, மிஞ்சிய சாய்கோடு கணினியின் வேர் அடைவைக் குறித்துவிட்டது. 2015 ஜனவரியில் ஒரு பயனர் தம் கோப்புகளையும், இணைத்துவைத்திருந்த வெளிவட்டில் இருந்த காப்புப்படிகளையும் சேர்த்து இழந்தார். அந்த வரிக்கு மேலே, இது அச்சமூட்டுவது என்று பொருள்படும் குறிப்பை எழுதியவரே விட்டுவைத்திருந்தார்; அச்சம் இருந்தது, தடுப்பு இல்லை. தடுப்போ மிக எளிது. மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குள் எழுதி, பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்தால், அது வெறுமையாக இருக்கும்போது ஷெல் வேலையை அங்கேயே நிறுத்திவிடும். ஷெல்செக் என்ற கட்டற்ற மென்பொருள் இவ்வகை வரிகளைச் சுட்டிக்காட்டி இதே திருத்தத்தைப் பரிந்துரைக்கிறது.

அழைக்கப்பட்டது வென்றதா தோற்றதா என்பதை முடிவுக் குறியீடு என்ற எண் சொல்கிறது: 0 என்றால் வெற்றி, 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை, 126 என்றால் கோப்பு கிடைத்தும் இயக்க முடியவில்லை. ஆனால் ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் குழாய்க்குறியால் செலுத்தும்போது, ஷெல் இயல்பாகக் கடைசிக் கட்டளையின் குறியீட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். தரவுத்தளத்தைப் படியெடுக்கும் கட்டளை தோற்று, அதைச் சுருக்கும் 'ஜிசிப்' மட்டும் வென்றால், 20 பைட் அளவுள்ள வெற்றுக் கோப்பு ஒன்று காப்புப்படி என்ற பெயரில் நாள்தோறும் சேர்ந்துகொண்டிருக்கும். பாஷில் 'பைப்ஃபெயில்' அமைப்பை இயக்குவது இதற்கு மாற்று. கோப்பின் அளவையும் சோதிப்பது இன்னும் நல்லது.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் 'க்ரான்' நிரலின் வழியாக, ரூட் என்ற தலைமைப் பயனரின் பெயரில் ஓடும் ஸ்கிரிப்டுகள் தனிக் கவனத்துக்குரியவை. அவை அழைக்கும் கோப்புகள் ரூட்டுக்கு மட்டும் எழுதும் அனுமதி உள்ளவையாக இருந்தால் போதாது. அவை இருக்கும் அடைவும் அப்படியே இருக்கவேண்டும், ஏனெனில் அடைவில் எழுத முடிந்தவர் கோப்பைத் திருத்தாமலேயே பெயர்மாற்றி ஒதுக்கிவிட்டு, அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம்.

இனி உரிமைகள். ஷெல் ஸ்கிரிப்ட் உரைக்கோப்பாகவே வருவதால், ஓட்டுவதற்கு முன் அதைத் திறந்து படிக்கும் வாய்ப்பு பயனருக்குப் பெரும்பாலும் உண்டு. ஜிபிஎல் போன்ற கட்டற்ற உரிமங்கள் படிக்கவும் திருத்தவும் வெளிப்படையாகவே உரிமை தருகின்றன. அதே ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் 15, 16ஆம் பிரிவுகள் உத்தரவாதத்தையும் இழப்பீட்டுப் பொறுப்பையும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மறுக்கின்றன என்பதால், இலவசமாக எடுத்த ஸ்கிரிப்ட் கோப்புகளை அழித்தால் எழுதியவரிடம் ஈடு கேட்க வழி குறைவு. வேண்டுமென்றே செய்யப்பட்ட தீங்கு வேறு வகையைச் சேர்ந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றிக் கணினியை அணுகுவது, தரவை எடுப்பது, தீங்கு நிரலைப் புகுத்துவது ஆகியவற்றுக்கு இழப்பீடு கோர இடமளிக்கிறது. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அச்சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட தீர்ப்பளிக்கும் அலுவலர் விசாரிக்கிறார். அச்செயல் நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்துடன் செய்யப்பட்டிருந்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த எண்ணமின்றி நேர்ந்த பிழை அப்பிரிவின்கீழ் குற்றமாகாது என்பது, தவறுதலாக அலுவலகக் கோப்புகளை அழித்த ஸ்கிரிப்டை எழுதிய ஊழியர் அறிந்திருக்கவேண்டிய வேறுபாடு.

நிறுவனங்களுக்குக் கடமைகளும் உண்டு. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட பணிப்புரைகளின்படி, அவற்றில் பட்டியலிடப்பட்ட இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவ்வமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும். சாவிகள் கசிந்தன என்ற ஐயம் எழுந்தவுடன் முதலில் அந்தச் சாவிகளைச் செல்லாததாக்குவதே முறை. பதற்றத்தில் பலர் முதலில் செய்வதோ மாற்றப்பட்ட ஸ்கிரிப்டை அழிப்பதுதான்; அதை அப்படியே ஒரு படியெடுத்து, அதன் சரிபார்ப்புத் தொகையையும் எடுத்த நேரத்தையும் குறித்து, எந்தச் சர்வர்களில் எந்தெந்த நாள்களில் அது ஓடியது என்பதைப் பதிவேடுகளிலிருந்து பிரித்தெடுத்து வைத்திருப்பவருக்கே பின்னர் தீர்ப்பளிக்கும் அலுவலர் முன் தம் இழப்பை மெய்ப்பிக்க ஆதாரம் இருக்கும்.