மூட்டையைக் கட்டியவர் போய்விட்டால் அவிழ்ப்பது யார்?

பழைய சிடிக்களிலும் டிஸ்க்குகளிலும் சுருக்கி வைத்த ஃபைல்களைத் திறந்த வடிவத்துக்கு மாற்ற இன்னும் அவகாசம் இருக்கிறது. ஆனால் அது நிரந்தரமல்ல.

பெங்களூர் டவுன் ஹாலிலிருந்து நடக்கும் தூரத்தில், சிட்டி மார்க்கெட்டின் இரைச்சல் எட்டும் இடத்தில் இருக்கிறது எஸ்.பி. ரோடு. கம்ப்யூட்டர் உதிரி பாகங்களுக்குப் பேர்போன தெரு. புதுக் கம்ப்யூட்டருக்கு சாமான் வாங்க வருபவர்களுக்கு நடுவே, துணிப்பையில் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டு வருபவர்களும் உண்டு. உள்ளே இருப்பதை எப்படியாவது மீட்டுத் தர வேண்டும். டிஸ்க் பிழைத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்பது அவர்கள் நினைப்பு. பாதிதான் முடிந்திருக்கிறது.

மீட்ட டிஸ்க்கில் கல்யாணப் படங்கள், வீட்டுக் கணக்கு, பாதி எழுதிய நாவல் எல்லாம் தனித்தனியாகக் கிடைப்பதில்லை. இடத்தை மிச்சம் பிடிக்க அன்று அவற்றைச் சுருக்கி ஒரே மூட்டையாகக் கட்டியிருப்போம். மூட்டையின் பெயர் ‘ரார்’ என்று முடியும். சிலவற்றில் ‘ஏஸ்’ என்று இருக்கும்.

சுருக்குவதில் மாயம் எதுவும் இல்லை. ஒரு கடிதத்தில் ‘பெங்களூர்’ என்ற சொல் நாற்பது முறை வந்தால், முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, மற்ற இடங்களில் ‘இத்தனை எழுத்துக்கு முன்னால் வந்ததையே போட்டுக்கொள்’ என்று குறிப்பு வைத்தால் போதும். ஆப்ரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்ற இருவர் 1977இல் வெளியிட்ட இந்த யோசனைதான் ஜிப், ரார் இரண்டுக்கும் அடிப்படை. குறிப்புகளை எந்த வரிசையில், எந்தக் கணக்கில் எழுதுவது என்பதுதான் வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது. அந்தக் கணக்கு யாருடைய சொத்து என்பதில்தான் தகராறு.

அமெரிக்காவில் அது கோர்ட் வரை போனது. 1980களில் ‘ஆர்க்’ என்ற மூட்டை வடிவம் புழக்கத்தில் இருந்தது. அதைவிட வேகமாக அதே வேலையைச் செய்யும் புரோகிராமை எழுதினார் ஃபில் காட்ஸ் என்ற இளைஞர். ஆர்க்கின் உரிமையாளர்கள் 1988இல் வழக்குப் போட்டார்கள். சமரசம் ஆனது. பழைய வடிவத்தைக் கைவிட்டு 1989இல் ‘ஜிப்’ என்ற புது வடிவத்தைக் கொண்டுவந்தார் காட்ஸ். அதன் இலக்கணத்தை யாரும் படித்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டும்விட்டார். 2000ஆம் ஆண்டு, 37 வயதில், அவர் இறந்தார். ஜிப் சாகவில்லை. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் இறங்கும் ஒவ்வொரு ஆப்பும், ‘டாக்எக்ஸ்’ என்று முடியும் வேர்ட் ஃபைலும் உண்மையில் ஒரு ஜிப் மூட்டைதான்.

ரார் வேறு ரகம். ரஷ்யாவின் யூஜின் ரோஷல் 1993இல் உருவாக்கியது. பல சமயம் ஜிப்பைவிட நன்றாகச் சுருக்கும். பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக்கி ஃபிளாப்பிகளில் அடைக்க வசதியானது. இந்தியாவில் அதன் விண்டோஸ் புரோகிராமான வின்ரார் இல்லாத கம்ப்யூட்டர் அபூர்வம் என்ற காலம் இருந்தது. நாற்பது நாள் இலவசம், பிறகு பணம் என்பது விதி. நாற்பது நாள் முடிந்த பிறகும் பணிவாக நினைவூட்டிவிட்டு வேலை செய்யும். வருஷக்கணக்கில் அந்த நினைவூட்டலை மூடிவிட்டுப் போனவர்கள்தான் நம்மில் பலர்.

ராரைத் திறக்கும் புரோகிராமின் மூல நிரல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதைப் பார்த்து ரார் மூட்டை கட்டும் புரோகிராமை எழுதக் கூடாது என்பது உரிம நிபந்தனை. அவிழ்க்கலாம், கட்ட முடியாது. 2023இல் விண்டோஸ் 11 கூடத் தானாகவே ராரைத் திறக்கக் கற்றுக்கொண்டது. பிறகு ஏன் கவலை?

ஏஸுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1990களின் இறுதியில் ராருக்குப் போட்டியாக நின்ற ஜெர்மன் வடிவம் அது. வின்ரார் புரோகிராமும் ஏஸ் மூட்டைகளைத் திறந்து வந்தது, ஏஸ்காரர்கள் கொடுத்த ஒரு சிறு துணை ஃபைலின் உதவியால். 2019 பிப்ரவரியில் செக் பாயின்ட் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அந்தத் துணை ஃபைலில் ஓட்டை இருப்பதை வெளியிட்டது. போலி மூட்டை ஒன்றை அனுப்பி, அதைத் திறப்பவரின் கம்ப்யூட்டரில் வேண்டாத புரோகிராமை நுழைத்துவிடலாம். ஓட்டைக்கு வயது 19. வின்ரார் தன் கணக்கில் சொல்லிக்கொண்ட பயனாளர்கள் 50 கோடி. ஓட்டையை அடைத்திருக்கலாமே? முடியவில்லை. துணை ஃபைல் 2005க்குப் பிறகு புதுப்பிக்கப்படவே இல்லை. அதன் மூல நிரல் வின்ரார்காரர்களிடம் கிடையாது. ஆகவே ஏஸைத் திறக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். ஒரே அப்டேட்டில் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரு கதவு சாத்தப்பட்டது. தேடிப் பிடித்தால் இன்றும் திறக்கும் கருவி கிடைக்கும். ஆனால் தேடத் தெரிந்தவர்களுக்குத்தான்.

இதற்கு நேர்மாறான கதை பெங்களூரிலேயே இருக்கிறது. எஸ்.பி. ரோட்டுக்கு வடக்கே சில கிலோமீட்டரில், பழைய ஆட்கள் இன்னும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகம். 2000களில் பேராசிரியர் என். பாலகிருஷ்ணன் தலைமையில் இங்கிருந்து நடந்தது டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா. தமிழ், கன்னடம், சமஸ்கிருதம் உட்படப் பல மொழிகளின் லட்சக்கணக்கான நூல்கள் ஸ்கேன் செய்யப்பட்டன. படிப்பதுதான் பாடு. ஒவ்வொரு பக்கமும் சுருக்கப்பட்ட தனி ‘டிஃப்’ படம். அதைக் காட்ட பிரௌசரில் தனியாக ஒரு துணைக் கருவியைச் சேர்க்க வேண்டும். நூறு பக்க நூலுக்கு நூறு தடவை காத்திருக்க வேண்டும்.

ஆனால் டிஃபின் இலக்கணம் வெளியானது. எனவே பக்கங்களை இறக்கி, கோர்த்து, ஒரே பிடிஎஃப் ஆக்கும் சிறு புரோகிராம்களை ஆர்வலர்கள் எழுதினார்கள். (பிடிஎஃப்பும் அடோபி நிறுவனத்தின் சொத்தாக இருந்து 2008இல் சர்வதேசத் தரமானதுதான்.) கார்ல் மாலமுட் என்ற அமெரிக்கர் அந்த நூல்களில் பெரும் பகுதியை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினார். பிறகு மூலத் தளம் மூடப்பட்டது. நூல்கள் மட்டும் இன்றும் கிடைக்கின்றன.

அரசாங்கத்துக்கு இது புரியாமல் இல்லை. மின் ஆளுகைக்குத் திறந்த தரங்களையே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2010 நவம்பரில் கொள்கை அறிவித்தது. வீட்டு அலமாரிக்கு அப்படி யாரும் அறிவிக்கப் போவதில்லை. அது நம் பொறுப்பு.

மாற்றுவது கஷ்டமில்லை. ரஷ்யாவின் இகோர் பாவ்லோவ் 1999இல் வெளியிட்ட 7-ஜிப் இலவசம். ராரைத் திறக்கும், ஜிப்பாகவோ தன்னுடைய திறந்த வடிவமான 7இஸட் ஆகவோ கட்டும். முதலில் மூட்டையைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழுது இருந்தால் அப்போதே தெரியும். பிறகு காலி ஃபோல்டரில் அவிழ்த்து, புது வடிவில் கட்டி, அதையும் ஒரு முறை அவிழ்த்து எண்ணிக்கை சரிபாருங்கள். அதுவரை பழையதை அழிக்காதீர்கள். பாஸ்வேர்ட் போட்ட மூட்டையும் மறந்துபோன பாஸ்வேர்டும் சேர்ந்தால் எந்தக் கருவியாலும் எளிதில் காப்பாற்ற முடியாது.

ஒன்றை இழப்பீர்கள். சேதத்தைச் சரிசெய்யும் கூடுதல் தகவலை மூட்டைக்குள்ளேயே வைக்கும் வசதி ராரில் உண்டு, ஜிப்பில் இல்லை. எனவே இரண்டு பிரதி, இரண்டு இடத்தில். அளவு கொஞ்சம் கூடலாம். போட்டோக்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் வித்தியாசம் பெரிதாக இராது.

தமிழ், கன்னட ஃபைல்களுக்கு மட்டும் இன்னொரு தலைவலி. ஜிப்பின் இலக்கணத்தில் யூனிகோட் பெயர்களுக்கு இடம் வந்தது 2006இல்தான். அதற்கு முந்தைய மூட்டைகளில் பழைய எழுத்துருவில் வைத்த ஃபைல் பெயர்கள் கேள்விக்குறியும் கட்டமுமாக வெளியே வரலாம். உள்ளே இருக்கும் கடிதமும் டிஸ்கியிலோ, கர்நாடக அலுவலகங்களில் புழங்கிய நுடியிலோ அடித்ததாக இருந்தால், மூட்டை மாறியும் எழுத்து புரியாது. அதை யூனிகோடுக்கு மாற்றுவது தனி வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவது நல்லது.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 2001இல் பேட்டிக் குறிப்புகளை ராரில் சுருக்கி, பதினோரு ஃபிளாப்பிகளில் அடைத்தேன். சென்ற ஆண்டு எடுத்தபோது ஒன்பதாவது படிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே தொடராகச் சுருக்கியிருந்ததால், முன்னே வந்ததைச் சுட்டும் குறிப்புகள் அறுந்து, நல்ல நிலையில் இருந்த கடைசி இரண்டும் வீணாயின. முதல் எட்டில் கிடைத்தவை இப்போது ஜிப்பில் இருக்கின்றன. ஒன்பதாவதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. வேறு டிரைவில் படித்தாலும் படிக்கும் என்கிறார்கள். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் பழைய ஃபிளாப்பி டிரைவ் ஒன்றைத் தேடித் தருவதாகச் சொல்லி, அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.