தொண்ணூற்றைந்தா, தொண்ணூற்றெட்டா?

பாரிஸின் வடக்கு எல்லையை ஒட்டிய ஒபர்வில்லியேயிலிருந்து லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருக்களுக்கு அரிசி மூட்டையும் மரக்கறிப் பெட்டியும் புடவைக் கட்டும் ஏற்றிச் செல்லும் சிறு வான்கள் எரிபொருள் நிலையத்தில் நிற்கும்போது, சாரதியின் கண்ணுக்கு முன்னால் இரண்டு வகை எண்கள் தெரிகின்றன. 95, 98 என்பவை ஒக்டேன் எண்கள். 2018 ஒக்டோபரிலிருந்து ஐரோப்பா முழுவதற்கும் பொதுவாக்கப்பட்ட வட்ட அடையாளங்களுக்குள் இருக்கும் ஈ5, ஈ10, ஈ85 என்பவை பெற்றோலில் கலந்திருக்கக்கூடிய எதனோலின் உச்ச வீதத்தைக் காட்டுபவை. முதல் எண் எரிபொருள் எவ்வாறு பற்றும் என்பதைச் சொல்ல, இரண்டாவது அதில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. ஒரு லீற்றரில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை இரண்டுமே நேராகச் சொல்வதில்லை. ஆயினும் 98ஐ "பலம் கூடிய பெற்றோல்" என்றும், அதை நிரப்பினால் வண்டி கூடுதல் தூரம் ஓடும் என்றும் நம்பி, லீற்றருக்குச் சில சதங்கள் மேலதிகமாகக் கொடுப்பவர்கள் குறைவில்லை.

ஒக்டேன் எண் அளப்பது எரிபொருளின் பலத்தையன்று, அதன் பொறுமையையே. பெற்றோல் என்ஜினின் உருளைக்குள் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை உந்துதண்டு ஒன்பதில், பத்தில் அல்லது பன்னிரண்டில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. நெருக்கப்படும் வாயு சூடேறுகிறது. பின்னர் தீப்பொறிச் செருகி பொறி விட, அந்த இடத்திலிருந்து சுடர் ஒழுங்காகப் பரவிக் கலவை முழுவதையும் எரிக்க வேண்டும். சுடர் இன்னும் சென்றடையாத மூலையிலுள்ள வாயு, ஏற்கெனவே எரிந்த பகுதியின் அழுத்தத்தால் மேலும் நெருக்குண்டு, பொறிக்காகக் காத்திராமல் தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொண்டால், அழுத்த அலைகள் உருளைச் சுவரில் மோதி, உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழும். "என்ஜின் நொக் பண்ணுது" என்று கராஜுகளில் சொல்லப்படுவது இதுவே. பாரம் ஏற்றிய வான், வெயில் நாளில், உயர்ந்த கியரில், குறைந்த சுழற்சியில் மேட்டில் ஏறும்போது இது தோன்றுவதற்கு வாய்ப்பு மிகுதி. நீடித்தால் உந்துதண்டின் தலை உருகவும் உடையவும் கூடும்.

நெருப்பு வேண்டிய கணத்தில் மட்டும் பற்ற வேண்டும் என்ற சிக்கலுக்கு ஒபர்வில்லியேயில் இன்னொரு பழைய சாட்சியும் உண்டு. அந்நகரில் உயர்ந்த செங்கற் புகைபோக்கியுடன் இன்றும் நிற்கும் கட்டடம் அரசுத் தீக்குச்சித் தொழிற்சாலையாக இருந்தது. ஏறக்குறைய உடல் வெப்பத்தை அண்டிய சூட்டிலேயே தானாகப் பற்றக்கூடியதும், தொழிலாளரின் தாடை எலும்பை அரித்ததுமான வெண்பொசுபரசுக்குப் பதிலாகத் தீக்குச்சியில் பயன்படுத்த, அதைவிட மிக உயர்ந்த வெப்பத்திலேயே பற்றும் பொசுபரசு செஸ்குவிசல்பைட்டை 1898இல் செவேன், காயென் என்னும் இரு பிரெஞ்சுப் பொறியியலாளர் முன்வைத்தனர். தீக்குச்சியிலும் சரி, பெற்றோலிலும் சரி, கடினமான வேலை நெருப்பை உண்டாக்குவதன்று, அதைக் காத்திருக்கச் செய்வதே.

அந்தக் காத்திருப்புக்கு அளவுகோல் வகுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் கிரஹம் எட்கர். 1926இல் அவர், நொக்கிங்கை மிக நன்றாகத் தாங்கிய ஐசோஒக்டேனுக்கு 100 என்றும், சற்றும் தாங்காத ஹெப்டேனுக்கு 0 என்றும் எண் கொடுத்தார். அன்று தூய ஹெப்டேன் கிடைத்தது எண்ணெய்க் கிணற்றிலிருந்து அல்ல, கலிபோர்னியாப் பகுதியின் ஒருவகை பைன் மரப் பிசினிலிருந்து. ஒரு பெற்றோலின் எண் 95 என்றால், 95 பங்கு ஐசோஒக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை சோதனை என்ஜினில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே அதுவும் தாங்கும் என்பது பொருள். எண்ணை மலிவாக உயர்த்தும் வழியாக 1921இல் தோமஸ் மிட்க்லி கண்ட ஈயச் சேர்மம் பல தலைமுறைகளின் இரத்தத்தில் கலந்தது. பிரான்ஸ் 2000ஆம் ஆண்டிலும், உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இலும் அதைக் கைவிட்டன. பிரெஞ்சுக் குழாய்களில் எண்ணுக்கு முன்னால் நிற்கும் "சோன் பிளோம்" என்ற சொற்களுக்கு ஈயம் அற்றது என்பதே பொருள்.

இந்த எண்ணை ஊருக்கு ஊர் ஒப்பிடுவதிலும் ஒரு குழப்பம் உண்டு. ரொறன்ரோவிலுள்ள உறவினர் தமது பிக்கப்புக்கு 87 ஊற்றுகிறார், கொழும்பில் 92, பாரிஸில் 95 என்று கேட்கும்போது கனடாப் பெற்றோல் மட்டமானது என்று தோன்றும். ஐரோப்பாவிலும் இலங்கையிலும் எழுதப்படுவது மென்மையான சோதனையின் எண். வட அமெரிக்காவில் எழுதப்படுவது அதற்கும் கடுமையான இன்னொரு சோதனையின் எண்ணுக்கும் சராசரி. பிரெஞ்சு 95இன் கடுஞ்சோதனை எண் 85. ஆகவே கனடாக் கணக்கில் அது 90 மட்டுமே.

மைலேஜுக்கும் ஒக்டேனுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆனால் அந்தத் தொடர்பு குழாயில் அன்று, என்ஜினின் வடிவமைப்பில் இருக்கிறது. நெருக்கும் விகிதம் கூடக் கூட அதே எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். பொறுமையான எரிபொருள் இருந்தால்தான் அந்த விகிதத்தைக் கூட்ட முடியும். 95க்காக வடிவமைக்கப்பட்ட வானில் 98 ஊற்றுவதால் விகிதம் மாறிவிடுவதில்லை. இன்றைய என்ஜின்களில் தட்டல் ஓசையைக் கேட்கும் உணரி ஒன்று உண்டு. அது தட்டலை உணர்ந்தவுடன் கணினி பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளுகிறது. எண் குறைந்த பெற்றோலை ஊற்றினால் வண்டி உடனே கெடாது, ஆனால் பின்தள்ளிய பொறியால் வலுவும் மைலேஜும் குறையும். தயாரிப்பாளர் 98ஐப் பரிந்துரைத்த என்ஜினுக்கு அதனால் சிறு நன்மை உண்டு. மற்றவற்றுக்கு அது வெறும் செலவு.

உண்மையில் கணக்கைப் பாதிப்பது வட்டத்துக்குள் இருக்கும் இரண்டாவது எண்தான். எதனோலின் ஒக்டேன் எண் நூற்றுக்கும் மேல். ஆனால் லீற்றருக்கு லீற்றர் பார்த்தால் அதன் ஆற்றல் பெற்றோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பொறுமையும் பலமும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 2009இல் பிரான்ஸில் அறிமுகமான ஈ10இல் இந்த இழப்பு மூன்று வீதத்தை அண்டியதாக இருப்பதால், விலை வித்தியாசமே பெரும்பாலும் அதை ஈடுசெய்துவிடும். ஒபர்வில்லியேக்கும் லாச்சப்பலுக்கும் இடையிலான நாலைந்து கிலோமீற்றரில் என்ஜின் முழுச் சூட்டை அடைவதற்குள் பயணம் முடிந்து விடுவதும், காற்றுக் குறைந்த சக்கரங்களும், தேவையின்றிச் சுமக்கும் பாரமும் அதைவிடக் கூடுதலாக எரிபொருளைத் தின்னுகின்றன.

டீசல் வான்களுக்கு ஒக்டேன் கணக்கே இல்லை. அங்கு எரிபொருள் பொறியின்றித் தானாகப் பற்ற வேண்டும் என்பதால், பொறுமையின்மையே தகுதி. அதை அளப்பது சீற்றேன் எண். வண்டிகளை அவற்றின் புகை மாசைக் கொண்டு வகைப்படுத்தும் பிரான்ஸின் கிறிட்டேர் ஒட்டி முறையில் யூரோ 5, யூரோ 6 தரப் பெற்றோல் வானுக்கு 1ஆம் வகுப்பும் அதே தர டீசல் வானுக்கு 2ஆம் வகுப்பும் கிடைப்பதால், டீசலே பழகிய சாரதிகளும் ஒக்டேனைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அவர்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மூத்த தலைமுறையினருக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டு, பெற்றோல் குடாநாட்டுக்குச் செல்வது தடுக்கப்பட்டபோது, மோட்டார் சைக்கிள்களும் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்டின் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகத் தாழ்ந்தது. ஆயினும் 1940களிலும் 50களிலும் செய்யப்பட்ட அந்தக் கார்களின் நெருக்கும் விகிதம் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்ததால், தட்டிக்கொண்டும் புகைத்துக்கொண்டும் அவை நகர்ந்தன. இன்றைய வான் ஒன்று அதைத் தாங்காது. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், முதலில் கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உதைத்துக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அன்றைய வழக்கம்.

ஈ85க்கு மாற நினைப்பவர்களின் சிக்கலும் இதை ஒத்ததே. அனுமதி பெற்ற மாற்றுக் கருவியைப் பொருத்திய வான், நூறு கிலோமீற்றருக்கு 8 லீற்றர் ஈ10 குடிப்பதாயின் 10 லீற்றர் ஈ85 குடிக்கும். ஆகவே ஈ10இன் விலையில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே ஈ85 விற்றால்தான் எரிபொருட் செலவு குறையும், கருவியின் விலை தனி. எதனோலும் குளிரில் எளிதில் ஆவியாகாது. அதனால் பெயரில் 85 என்று இருந்தாலும், குளிர்காலத்தில் அதே குழாயில் எதனோலின் பங்கு 65 வீதம் வரை இறக்கப்பட்டு, என்ஜினைக் கிளப்புவதற்காகவே பெற்றோல் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது.